கடல் கொண்டுவந்த பையனின் கொள்ளுப்பேரன்... உடைந்த கால்களைக் காப்பாற்றிய ஹியூ ஓவன் தாமஸ்!

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இப்படி ஒரு செய்தி அடிக்கடி காதில் விழுந்திருக்கும். தேங்காய் பறிக்க ஏறியவர் மேலேயிருந்து விழுந்துட்டார். கிழக்கு கடற்கரைச் சாலையில் பைக்கில் போன பையனை லாரி உரசிட்டுப் போயிடுச்சு. அறுவடை நேரத்தில் டிராக்டர் வரப்பில் சாய்ந்து, ஓட்டியவரின் கால் அடியில் மாட்டிக்கிச்சு. எல்லாக் கதையிலும் முடிவு ஒன்றுதான்: தொடை எலும்பு முறிவு.

அவரைப் பார்க்க அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்குப் போயிருப்பீங்க. அங்கே ஒரு பொருளைக் கவனித்திருக்கலாம். இடுப்புக்குக் கீழே தொடையைச் சுற்றி, தோல் சுற்றிய ஒரு வளையம். அதிலிருந்து காலின் இரண்டு பக்கமும் நீளமாக இறங்கும் இரும்புக் கம்பி. பாதத்துக்குக் கீழே கம்பி மடங்கி, அங்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். பார்க்க ஏதோ பட்டறையில் அடித்த சாமான் மாதிரி இருக்கும். உண்மையிலேயே அது பட்டறையில் பிறந்ததுதான். அதன் பெயர் தாமஸ் ஸ்பிளின்ட். 1875-ல் ஒரு டாக்டர் புத்தகத்தில் எழுதி வெளியிட்ட இந்தக் கருவி, 150 வருஷம் கழித்தும் வடிவம் பெரிதாக மாறாமல் நம்ம ஊர் வார்டில் கிடக்கிறது.

அதைச் செய்த ஹியூ ஓவன் தாமஸின் வாழ்க்கையை நீங்க ஏன் தெரிஞ்சுக்கணும்? காரணம் இருக்கு. எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியரிடம் கட்டுக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று நம்ம வீடுகளில் இன்றைக்கும் நடக்கிற சண்டை, அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அந்தச் சண்டையிலிருந்துதான் இந்தக் கருவியே வந்தது.

கப்பல் உடைந்து கரை சேர்ந்த பையன்

கதை தொடங்குவது ஒரு கடற்கரையில். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. 1745 வாக்கில் அதன் கரையோரம் ஒரு கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. அதிலிருந்து இரண்டு சிறுவர்களை ஒருவர் காப்பாற்றிக் கொண்டுவந்தார். இரட்டையர்கள் என்று சொல்வார்கள். அவர்கள் பேசிய மொழி தீவில் யாருக்கும் புரியவில்லை. ஒரு பையன் சீக்கிரமே இறந்துபோனான். பிழைத்தவனை அந்த ஊர்க் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்து, இவான் தாமஸ் என்று பெயர் வைத்தது.

அந்தப் பையனின் கையில் ஒரு விசேஷம் இருந்ததாம். கோழிக்குக் கால் உடைந்தாலும் ஆட்டுக்குக் கால் பிசகினாலும் தடவிப் பார்த்தே நேராக வைத்துக் கட்டிவிடுவான். வளர்ந்த பிறகு மனுஷர்களுக்கும் கட்டினான். அந்தக் கைவித்தை மகனுக்கும் பேரனுக்கும் போனது. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் முறிந்த எலும்புக்குக் கட்டுக் கட்டும் குடும்பமாகப் பேர் வாங்கியது. நம்ம பக்கம் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்து வரும் கட்டு வைத்தியக் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்க. அதே மாதிரிதான்.

மூன்றாம் தலைமுறைக்காரர் பெயரும் இவான் தாமஸ்தான். அவர் தீவை விட்டு லிவர்பூல் துறைமுக நகரத்துக்குக் குடிவந்தார். கப்பலில் மூட்டை ஏற்றுபவர்கள், கொதிகலன் செய்பவர்கள், மாலுமிகள் எனக் கை கால் உடைத்துக்கொள்ளும் ஜனம் நிறைந்த ஊர் அது. வைத்தியம் கொடிகட்டிப் பறந்தது. ஆனால், படித்த டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. பட்டம் இல்லாதவர் வைத்தியம் பார்க்கிறார் என்று அவரைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அவரால் குணமானவர்களோ திரண்டு வந்து அவர் பக்கம் நின்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அந்த அப்பா ஒரு முடிவெடுத்தார். காலம் மாறுகிறது, கையில் வித்தை இருந்தால் மட்டும் போதாது, பட்டமும் வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தன்னுடைய 5 மகன்களையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். ஐந்து பேரும் டாக்டர் ஆனார்கள். மூத்தவர்தான் ஹியூ.

இரண்டு பள்ளிக்கூடத்து மாணவர்

ஹியூ ஓவன் தாமஸ் பிறந்தது 1834 ஆகஸ்ட் 23. ஒல்லியான, நோஞ்சான் பிள்ளை. சிறு வயதில் ஒரு கண்ணில் அடிபட்டு இமை கோணிப்போனது. அதை மறைக்க ஒரு மாலுமித் தொப்பியைக் கண்ணை மூடுகிற மாதிரி சரித்து வைத்துக்கொள்வார். கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, வாயில் எந்நேரமும் சிகரெட். கடைசி வரைக்கும் அவர் அடையாளம் இதுதான்.

முதலில் டாக்டரான தன் மாமாவிடம் 4 வருஷம் தொழில் பழகினார். பிறகு எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து, 1857-ல் அறுவை சிகிச்சைக்கான பட்டம் வாங்கினார். கொஞ்ச நாள் பாரிஸ் மருத்துவமனைகளையும் சுற்றிப் பார்த்தார். ஊர் திரும்பி அப்பாவுடன் சேர்ந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ஆனால், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் கையால் தடவித் தெரிந்துகொண்டவர். மற்றவர் உடலை அறுத்துப் பார்த்துப் படித்தவர். ஒரு வருஷம் போல ஓடியது. பிறகு மகன் தனியாகப் போய்விட்டார்.

இங்கேதான் நீங்க ஒன்றைக் கவனிக்கணும். அப்பாவை விட்டுப் பிரிந்தாரே தவிர, அப்பாவின் கைவித்தையை அவர் தூக்கி எறியவில்லை. கட்டுக் கட்டுவதில் எது வேலை செய்கிறது, எது கெடுக்கிறது என்று கல்லூரியில் படித்த கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். அப்பா காலத்தில் கை மட்டுமே அறிந்திருந்ததை அவர் காரணத்தோடு எழுதிவைத்தார்.

கால் முறிந்தால் வெட்டுவதுதான் வைத்தியம்

அந்தக் காலத்தில் காலில் பலமான முறிவு என்றால் நிலைமை என்ன தெரியுமா? எக்ஸ்-ரே கிடையாது. அது வந்ததே 1895-ல்தான். ஆன்டிபயாடிக் என்ற பேச்சே இல்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால், புண் சீழ் பிடித்து ஆளே போய்விடுவார். அதனால் முன்கூட்டியே காலை வெட்டிவிடுவதுதான் வழக்கம். கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் 1865-ல் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டி, காலையும் உயிரையும் காப்பாற்றினார். கிருமியைக் கொல்லும் அறுவை சிகிச்சைக்கு அதுதான் தொடக்கம். ஆனால், அந்தப் பழக்கம் எல்லா ஊருக்கும் பரவ வருஷக்கணக்கானது.

தாமஸ் வேறு பக்கத்திலிருந்து யோசித்தார். எலும்பு தானாகக் கூடும் குணம் உள்ளது. நாம் அதைக் கூட்டுவதில்லை. அது கூடுவதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும். அந்த இடைஞ்சல் எது? அசைவு. முறிந்த இடம் அசைந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு அசைவும் புதுக் காயம். அதனால் முறிந்த எலும்புக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு கண்டிப்பானதாக, இடைவிடாததாக, போதுமான அளவு நீண்டதாக இருக்கணும். அவருடைய வைத்தியம் முழுவதும் இந்த ஒற்றைக் கொள்கையில் நின்றது.

ஓய்வு என்றதும் ஆளை மாதக்கணக்கில் கட்டிலில் போட்டுவிட்டார் என்று நினைக்காதீங்க. அவரிடம் வந்தவர்கள் தினக்கூலிகள். அவர்களை நடமாட வைக்கணும் என்று கருவி செய்தார். முழங்கால் மூட்டில் நோய் வந்தவருக்கு அந்த இரும்புக் கம்பியை மாட்டி, நல்ல காலின் செருப்புக்கு அடியில் உயரம் வைத்துக் கொடுத்தார். அடிபட்ட கால் தரையில் படாமல் கம்பியில் தொங்கும். ஆள் நடந்து போவார். மூட்டுக்கு மட்டும்தான் ஓய்வு, மனுஷனுக்கு இல்லை! போலியோ பாதித்த பிள்ளைகள் காலில் மாட்டிக்கொண்டு நடந்த காலிபரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பட்டறை வைத்திருந்த டாக்டர்

லிவர்பூல் நெல்சன் தெருவில் 11-ம் எண் வீடு. அதுதான் அவருடைய கிளினிக். கூடவே ஒரு பட்டறையும் இருந்தது. ஒரு கொல்லரையும் தோல் வேலை தெரிந்த ஒருவரையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். நோயாளியின் காலை அளந்து, அந்தக் காலுக்கே இரும்பை வளைத்து, வளையத்துக்குத் தோல் தைத்து மாட்டிவிடுவார்கள். தாமஸுக்கே கொல்லு வேலை தெரியும்.

விடியற்காலை எழுந்து வீடு வீடாக நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு கிளினிக். மதியத்துக்கு மேல் மறுபடி வீடுகள். ராத்திரி பட்டறை, படிப்பு, எழுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசம். தெரு முழுக்க ஊன்றுகோலும் கட்டுமாக ஜனம் நிற்கும். தொழிலாளர் சங்கங்களுக்கும் அவர்தான் டாக்டர்.

இவ்வளவு பேர் எடுத்தவருக்கு ஒரு பெரிய மருத்துவமனையிலும் பதவி கிடையாது. பெரிய டாக்டர்கள் அவரை மதிக்கவில்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வாய் கூர்மை. மூட்டு நோய் என்றால் உடனே கத்தியை எடுப்பவர்களை வெளுத்து வாங்கினார். 1875-ல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். நாம் பேசுகிற அந்தக் கருவி அதில்தான் வந்தது. பெரும்பாலான டாக்டர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி எலிசபெத்தின் உறவுக்காரப் பையன் ராபர்ட் ஜோன்ஸ் 1873-ல் 16 வயதில் அவர் வீட்டுக்கு வந்து தங்கிப் படித்தான். அவனைத் தன் பிள்ளை மாதிரி பழக்கினார். சிடுசிடு தாமஸுக்குச் சிரித்த முகத்துப் பையன் வாய்த்தான். அந்தச் சிரித்த முகம் பின்னால் எவ்வளவு பெரிய வேலை செய்தது என்று பார்ப்போம்.

1891 ஜனவரி 6-ம் தேதி, நிமோனியா வந்து தாமஸ் இறந்துபோனார். வயது 56. ஓய்வைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசியவர், தான் மட்டும் ஓய்வே எடுத்துக்கொள்ளாதவர். அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு லிவர்பூல் ஏழை ஜனம் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றது. அதில் எத்தனை பேர் அவர் காப்பாற்றிய காலில் நின்றார்களோ!

போர்க்களத்தில் ஜெயித்த கம்பி

ராபர்ட் ஜோன்ஸ் முதலில் பெயர் எடுத்தது ஒரு கால்வாயில். மான்செஸ்டர் நகரத்துக்குக் கப்பல் வர 58 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான கூலியாட்கள், நீராவி இயந்திரங்கள், தினமும் விபத்து. 1888-ல் அதற்கு ஜோன்ஸைத் தலைமை மருத்துவராகப் போட்டார்கள். கால்வாய் நெடுக 3 மருத்துவமனைகள், இடையில் முதலுதவி நிலையங்கள். அடிபட்டவரை அந்த இடத்திலேயே கட்டி, ரயிலில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு நாம் விபத்து சிகிச்சை என்று சொல்லும் ஏற்பாட்டின் முதல் வரைபடம் என்று இதைச் சொல்லலாம்.

பிறகு 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. துப்பாக்கிக் குண்டு பட்டுத் தொடை எலும்பு நொறுங்கிய வீரர்களில் ஐந்தில் நான்கு பேர் செத்துப்போகிறார்கள் என்று தொடக்க காலத்தில் கணக்குச் சொன்னார்கள். காரணம் குண்டு மட்டும் இல்லை. குண்டு பட்ட இடத்திலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வரும் வழிதான் பலரைக் கொன்றது. கட்டாத கால் ஸ்ட்ரெச்சரில் ஆடும். உடைந்த எலும்பு முனை சதையைக் குத்திக் கிழிக்கும். ரத்தம் உள்ளேயே கொட்டும்.

தொடைக்குள் நடப்பது இதுதான். தொடையில் இருப்பவை நம் உடம்பிலேயே பெரிய தசைகள். எலும்பு முறிந்ததும் அவை இறுகிச் சுருங்கி, முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடும். கால் குட்டையாகி, தொடை உருண்டு வீங்கும். அந்த உருண்டைக்குள் 1 முதல் 1.5 லிட்டர் ரத்தம் தேங்கிவிடலாம். பெரியவர் உடம்பில் மொத்தமே 5 லிட்டர் அளவுதான் இருக்கிறது. வெளியே சொட்டு ரத்தம் தெரியாது. ஆனால் ஆள் வெளிறி, வேர்த்து, மயக்கத்துக்குப் போவார்.

தாமஸின் கம்பி என்ன செய்கிறது? வளையம் இடுப்பெலும்பில் முட்டுக்கொடுத்து நிற்கும. பாதத்தைக் கீழ்ப்பக்கம் இழுத்துக் கம்பி முனையில் கட்டிவிடுவார்கள். மேலே முட்டு, கீழே இழுவை. தசையின் பிடி தளரும், எலும்பு நேர்க்கோட்டுக்கு வரும், தொடை பழையபடி நீளும். உள்ளே ரத்தம் தேங்கும் இடம் குறையும், வலி அடங்கும்.

ஜோன்ஸ் இதைப் படை மருத்துவர்களிடம் கொண்டுபோனார். மாமாவிடம் முகம் கொடுக்காத ஆட்கள், சிரித்துப் பேசும் மருமகனிடம் காது கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்கே இந்தக் கம்பியை மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இருட்டில் மாட்டவேண்டி வரும் என்பதால் கண்ணைக் கட்டிவிட்டுப் பயிற்சி கொடுத்தார்களாம். 1917-ல் பிரான்ஸின் அராஸ் போர்முனையில் தொடை எலும்பு முறிந்த 1,009 வீரர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, இறந்தவர்கள் 15.6 சதவிகிதம். தாமஸ் மண்ணுக்குள் போய் அப்போது 26 வருஷம் ஆகியிருந்தது.

கம்பி அதே கம்பிதான். மாறியது மாட்டிய இடமும் நேரமும். மருத்துவமனையில் மாட்டாமல், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள்.

இன்றைக்குக் கம்பி உள்ளே போய்விட்டது

1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தொடை எலும்பின் நடுவே இருக்கும் மஜ்ஜைக் குழாய்க்குள் ஒரு நீளமான உலோகக் கம்பியைச் செருகி முறிவை நிறுத்திக் காட்டினார். நம்ம ஊரில் ராடு வெச்சிருக்காங்க என்று சொல்கிறோமே, அது இதுதான். இன்றைய ராடில் மேலும் கீழும் குறுக்கே திருகு போட்டு எலும்பு சுற்றிக்கொள்ளாமலும் குறுகாமலும் பூட்டிவிடுகிறார்கள். மூட்டுக்குப் பக்கத்தில் உடைந்தால் பிளேட். எலும்பு வெளியே தெரியும் அளவுக்குப் பெரிய புண் என்றால், முதலில் புண்ணைக் கழுவி, சட்டம் மாதிரி ஒரு கம்பியைத் தோலுக்கு வெளியே பொருத்திக் காலை நிறுத்திவிட்டு, புண் தேறிய பிறகு மற்றது.

முன்பெல்லாம் தொடை முறிந்தால் மாதக்கணக்கில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்கணும். இப்போது ராடு வைத்த சில நாளிலேயே வாக்கரைப் பிடித்து எழுப்பி நிற்கவைக்கிறார்கள். தாமஸ் கத்தியை நம்பாதவர், இவர்களோ கத்தியால் திறப்பவர்கள். ஆனாலும், எலும்பை அசையாமல் வைத்துவிட்டு ஆளை நடமாட விடுகிற அவர் கொள்கைதான் உள்ளே போன இந்தக் கம்பியிலும் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்வரை காலைப் பிடித்து வைத்திருப்பது பல இடங்களில் இன்னமும் அவருடைய பழைய கம்பிதான்.

இதை மூத்தவர்கள் விஷயத்தில் மறந்துவிடாதீங்க. பாத்ரூமில் வழுக்கி விழுந்து பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு, பேசாம படுக்கட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறோம். ஆளைப் படுக்கப்போடுவது எலும்புக்குக் கொடுக்கும் ஓய்வு இல்லை. படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். முடிந்தவரை ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து உட்காரவைப்பதுதான் அவர்களைக் காப்பாற்றும் வழி என்கிறது இன்றைய மருத்துவம்.

கட்டா, ஆஸ்பத்திரியா?

இப்போ நம்ம வீட்டுச் சண்டைக்கு வருவோம். தமிழ்நாட்டில் புத்தூர் கட்டு என்றால் தெரியாதவர் கிடையாது. அதற்கு முன்னாலும் நம்மிடம் பெரிய பாரம்பரியம் உண்டு. கால் முறிந்தவரைப் பலகையில் படுக்கவைத்து, முளை அடித்து அசையாமல் கட்டிவைக்கும் முறையை சுஸ்ருத சம்ஹிதையே சொல்கிறது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நம் கிராமத்து வைத்தியரும் எலும்புக்கு ஓய்வு வேண்டும் என்பதைத் தெரிந்தவர்தான்.

ஆனால், கைக்குத் தெரியாத சில விஷயம் உண்டு. எலும்பு எத்தனை துண்டாகியிருக்கிறது என்பதை எக்ஸ்-ரேதான் காட்டும். அடிபட்ட கால் வீங்கிக்கொண்டே போகும். அதன்மேல் இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிடும், சில மணி நேரத்திலேயே காலை இழக்கும் நிலை வந்துவிடும். கிழிந்த புண்மேல் எண்ணெய், முட்டை, பச்சிலை வைத்து மூடினால் கிருமி எலும்புக்குள் இறங்கும். அந்தச் சீழை வருஷக்கணக்கில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். மாவுக்கட்டோ, பத்தைக் கட்டோ எது போட்டாலும் சரி, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்துப்போனால், சில்லிட்டால், வெளுத்தோ நீலமாகவோ மாறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய்க் கட்டைத் தளர்த்தணும்.

தாமஸின் அப்பா இதைத்தான் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டார். தன் கை மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமலா? ஊரே நம்பிய கை அது. ஆனாலும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

விழுந்த இடத்தில் நீங்க என்ன செய்யலாம்?

சாலையிலோ தோப்பிலோ ஒருவர் காலில் அடிபட்டுக் கிடக்கிறார். கால் கோணலாக இருக்கிறது, தொடை வீங்குகிறது. பதறித் தூக்கி பைக்கின் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். நல்ல மனசுதான். ஆனால் அன்று ஸ்ட்ரெச்சரில் ஆடிய காலும் பைக்கில் தொங்கும் காலும் ஒன்றுதான்.

முதலில் 108-க்குக் கூப்பிடுங்க. ஆபத்தான இடமாக இல்லாதவரை ஆளை நகர்த்தாதீங்க. காலைப் பிடித்து இழுத்து நேராக்கவோ, நீவிவிடவோ வேண்டாம். புண்ணிலிருந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்க. எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், அழுத்தாமல், துணியால் மூடிவிடுங்க. ஆம்புலன்ஸ் வர நேரமாகும், தூக்கித்தான் ஆகணும் என்றால், இரண்டு காலுக்கும் நடுவே துண்டையோ போர்வையையோ மடித்து வைத்து, அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்து, முறிந்த இடத்தைத் தவிர்த்து மேலேயும் கீழேயும் கட்டுங்க. நல்ல கால்தான் அப்போது பத்தை. கட்டிய பிறகு விரலில் உணர்ச்சி இருக்கா என்று பாருங்க. பலகையிலோ கதவிலோ படுக்கவைத்துப் பல பேராகத் தூக்குங்க. வீக்கம் ஏறுவதற்குள் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்க. சோடா, காபி எதுவும் கொடுக்காதீங்க. மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம்.

செலவை நினைத்து யாரும் தயங்கவேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில் ஒரத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஆகஸ்ட் கடைசியில் சாலை ஓரமாகக் கால்நடையாகப் போகும் கூட்டத்தைப் பார்க்கிறோம். அந்த ராத்திரிகளில் இதெல்லாம் தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு குழுவிலும் இருந்தால் எவ்வளவு நல்லது!

எக்ஸ்-ரே, ராடு, தியேட்டர் எல்லாம் மருத்துவமனையில் காத்திருக்கும். அங்கே போய்ச் சேரும்வரை அந்தக் கால் ஆடாமல் இருக்கணும். அந்த வேலை டாக்டருடையது இல்லை, பக்கத்தில் நிற்கிற உங்களுடையது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கட்டத் தெரிந்தால் போதும்.